டிவி சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறி பார்த்து அணைக்கும் வழி

"டிவி ரிப்பேர், வந்து பார்" என்று யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போவதில்லை. ரிமோட்டை வாங்கி நேராக செட்டிங்ஸுக்குள்தான் போகிறேன். பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. படம் ஒரு மாதிரி வழவழவென்று ஓடும், ராத்திரியில் தானாக ஆன் ஆகும், ஆன் செய்ததும் யாரும் கேட்காத சேனல் கத்தும், முகப்பில் பாதித் திரையை விளம்பரம் அடைத்துக்கொண்டிருக்கும். எல்லாமே யாரோ யோசித்து வைத்த வசதிகள்தான். அதில் எது பார்ப்பவருக்காக வைத்தது, எது விற்றவருக்காக வைத்தது என்று பிரிப்பதுதான் வேலை.

ஆரம்பிக்கும் முன் சில விஷயங்கள். டிவிக்குப் பின்னாலுள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே கம்பெனி டிவியிலேயே வருஷத்துக்கு வருஷம் மெனுவின் பெயரும் இடமும் மாறுகிறது, கீழே நான் சொல்லும் பெயர் உங்கள் டிவியில் பக்கத்து அறையில் ஒளிந்திருக்கலாம். எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் போடாதீர்கள், அது நீங்கள் அணைத்ததை எல்லாம் திரும்ப ஆன் செய்து, முதல் நாள் கேட்ட சம்மதங்களை மறுபடி முதலிலிருந்து கேட்கும். நெட்டையும் முதலிலேயே பிடுங்க வேண்டாம். சில டிவிகளில் நிபந்தனைகள் பக்கமே நெட் இருந்தால்தான் திறக்கும், அதனால் அணைக்க வேண்டியதை முதலில் அணைத்துவிட்டு அப்புறம் துண்டிக்கலாம்.

சினிமா சீரியல் மாதிரித் தெரிகிறது

நடிகர்கள் வழுக்கிக்கொண்டு நடக்கிறார்கள், கோடி கோடியாகச் செலவழித்து எடுத்த படம் கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது என்றால் பேனலைச் சந்தேகப்பட வேண்டாம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். டிவி திரை விநாடிக்கு 60 அல்லது 120 தடவை புதுப்பிக்கிறது. நடுவில் இல்லாத ஃபிரேம்களை டிவியே கணக்குப் போட்டு உருவாக்கிச் செருகுகிறது, அதுதான் அந்த வழவழப்பு. எல்ஜியில் இதற்கு ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்கும் அளவுக்குப் போனது. அடுத்த வருஷமே ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஒன்று அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், இந்த வேலைகளில் பலவும் ஒரே அழுத்தில் நின்றுவிடும்.

"அணைத்தேன், ஆனால் திரும்ப வந்துவிட்டது" என்பவர்களுக்கு: இந்த அமைப்பு பல டிவிகளில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் (படம் வரும் ஒவ்வொரு வழிக்கும்) தனித்தனி. செட் டாப் பாக்ஸுக்கு அணைத்தது டிவியிலுள்ள ஆப்புக்குப் பொருந்தாமல் போகலாம். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் அழுத்தமாகக் காட்டும் எச்டிஆர் படம் ஓடும்போது இன்னொரு தனிக் கணக்கு, அதிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்கு வேறொன்று. அந்தந்த வகைப் படத்தை ஓடவிட்டு, அது ஓடும்போதே மெனுவுக்குள் போய் அணைக்க வேண்டும். விளையாட்டு பார்ப்பவர்கள் சிலருக்கு வழவழப்பு பிடிக்கும், அது அவர்கள் இஷ்டம்.

வெளிச்சம் தானாகக் கூடிக் குறைகிறது

எனர்ஜி சேவிங், ஈகோ, ஆம்பியன்ட் என்று ஏதாவது பெயரில் அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மங்கலாக்கும் சென்சார் வேலை செய்கிறது. அணைத்தால் சரியாகிவிடும். ஓஎல்இடி டிவியில் ஒரே காட்சி அசையாமல் நின்றால் திரை மெல்ல மங்குவது வேறு விஷயம், பேனலில் தழும்பு விழாமல் இருக்க வைத்தது அது. சாதாரண மெனுவில் அதற்கு சுவிட்ச் இருக்காது, விட்டுவிடுங்கள்.

தானாக ஆன் ஆகிறது, கேட்காமல் இன்புட் மாறுகிறது

இது எனக்கே நடந்தது. நள்ளிரவு தாண்டி ஹாலில் நீல வெளிச்சம், போய்ப் பார்த்தால் டிவி முழுசாக ஆன் ஆகி நிற்கிறது, பேச்சுக்கூட இல்லை, வெறும் மெனு. மூன்று ராத்திரி இப்படியே. நான் டிவியை எவனோ வெளியிலிருந்து இயக்குகிறான் என்ற முடிவுக்கே வந்து வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன், அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் டிவியோடு இணைத்திருந்த கேம் கன்சோல் ராத்திரியில் அப்டேட் இறக்கக் கண் விழிக்கும்போது, கூடவே டிவியையும் எழுப்பிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம், டிவியையும் மற்றக் கருவிகளையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்குள் ஓடும் சிஇசி என்ற ஒரு வசதி. கேபிளின் 13-வது பின் வழியாகக் கருவிகள் ஒன்றோடொன்று "நான் விழித்துவிட்டேன், நீயும் எழு", "நான் ஓடுகிறேன், என் இன்புட்டுக்கு மாறு" என்று பேசிக்கொள்ளும். ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்க முடிவது இதனால்தான். சிக்கல் என்னவென்றால் பல கம்பெனிகள் இதை வெறும் சிஇசி என்று மெனுவில் எழுதாமல் தங்கள் சொந்தப் பெயரை வைத்திருக்கின்றன. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க், பானசோனிக்கில் வியேரா லிங்க். பெயர் தெரியாமல் தேடினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மொத்தமாக அணைப்பதற்கு முன் யோசியுங்கள். சவுண்ட்பார் ஏஆர்சி வழியாக (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் வசதி) இணைந்திருந்தால், பல டிவிகளில் சிஇசியை அணைத்ததும் சவுண்ட்பாரில் சத்தமே வராது. அதனால் முதலில் தொல்லை தரும் கருவியின் செட்டிங்ஸுக்குள் போய், டிவியை ஆன் செய்யும் உரிமையை மட்டும் அங்கே பறியுங்கள். எது தொல்லை தருகிறது என்று தெரியவில்லையா, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள். மெதுவான வழிதான், ஆனால் தவறாது.

கேபிள் எல்லாம் கழற்றியும் விழிக்கிறது என்றால் மிச்சமிருப்பது மூன்று: ஆன் டைமர், போனிலிருந்து ஆன் செய்யும் வசதி, போனில் ஓடுவதை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் வசதி. சாம்சங்கில் நெட்வொர்க் பகுதியில் எக்ஸ்பர்ட் செட்டிங்ஸுக்குள் பவர் ஆன் வித் மொபைல் என்று இருக்கும். மற்றவற்றில் வைஃபை வழியாக ஆன் செய்வது, நெட்வொர்க் ஸ்டாண்ட்பை, குயிக் ஸ்டார்ட் என்ற பெயர்களில் தேடுங்கள். குயிக் ஸ்டார்ட்டை அணைத்தால் டிவி ஆன் ஆகச் சில விநாடி கூடும், பதிலுக்கு ராத்திரி முழுக்க அரைத் தூக்கத்தில் நெட்டோடு பேசிக்கொண்டிருப்பதும் குறையும். எனக்கு அந்தச் சில விநாடி பெரிதாகத் தெரியவில்லை. காஸ்ட், ஆப்பிள் கருவிகளுக்கான ஏர்ப்ளே இரண்டுக்கும் ஒவ்வொரு தடவையும் பாஸ்கோடு கேட்கும்படி வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை, தவறாக உங்கள் டிவியைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

ஆன் செய்ததும் கேட்காத சேனல் ஓடுகிறது

டிவி கம்பெனிகள் இப்போது தாங்களே இலவச விளம்பரச் சேனல்கள் நடத்துகின்றன, ஆன் செய்ததும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவர்களுக்கு ஆதாயம். சாம்சங்கில் ஸ்டார்ட் ஸ்கிரீன் ஆப்ஷன் என்பதற்குள் போய் ஸ்மார்ட் ஹப் என்ற முகப்பு தானாகத் திறப்பதையும் கடைசி ஆப் தானாக ஓடுவதையும் அணையுங்கள். எல்ஜியில் ஹோம் செட்டிங்ஸுக்குள் முகப்பு தானாகத் திறப்பதை அணைக்கலாம். அமேசானின் ஃபயர் டிவியில் ஃபீச்சர்டு கன்டென்ட் என்ற இடத்தில் வீடியோவும் சத்தமும் தானாக ஓடுவதை நிறுத்த இரண்டு தனி சுவிட்ச் இருக்கின்றன, இரண்டையும் அணையுங்கள். அதன்பின் பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த எச்டிஎம்ஐயிலேயே டிவி விழிக்கும், முன்பெல்லாம் டிவி விழித்த மாதிரி.

முகப்பில் விளம்பரம், சும்மா விட்டால் அதிலும் விளம்பரம்

இதை முழுசாக ஒழிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைக்கலாம். எல்ஜியில் ஹோம் ப்ரமோஷன், கன்டென்ட் ரெகமண்டேஷன் இரண்டையும் அணையுங்கள். 2024-இல், டிவியைச் சும்மா விட்டால் வரும் ஸ்கிரீன்சேவரிலும் விளம்பரம் காட்டத் தொடங்கினார்கள், அதற்கு அடிஷனல் செட்டிங்ஸுக்குள் ஸ்கிரீன் சேவர் ப்ரமோஷன் என்று தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார்கள், அதையும் தேடி அணைக்க வேண்டும். கூகுள் டிவியில் கணக்கின் உள்ளே ஆப்ஸ் ஒன்லி மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பரிந்துரை வரிசைகள் போய்விடும், கூடவே தேடலும் அசிஸ்டன்ட்டும் போய்விடும். எனக்கு அது நஷ்டமாகப் படவில்லை, வீட்டில் மற்றவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புதிதாக வாங்கிய கூகுள் டிவியாக இருந்தால், முதல் முறை அமைக்கும்போதே பேசிக் டிவி என்ற வழியைத் தேர்ந்தெடுக்கலாம். நெட்டும் இல்லை, கூகுள் கணக்கும் இல்லை, எச்டிஎம்ஐயும் ஆன்டெனாவும் மட்டும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். தாண்டிவிட்டீர்கள் என்றால், ரீசெட் போட்டு அதே திரைக்குத் திரும்பி வரலாம். நான் ரீசெட்டுக்கு ஆதரவாகப் பேசும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

இவ்வளவு விளம்பரம் ஏன் என்று கேட்டால், விலை குறைவான டிவியில் லாபம் டிவியில் இல்லை. விஸியோ என்ற அமெரிக்க டிவி கம்பெனி தன் கணக்கை வெளியிட்டபோது, 2021-இன் மூன்றாம் காலாண்டில் விளம்பரமும் தரவும் அடங்கிய பிரிவின் மொத்த லாபம் டிவி விற்ற லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கக் கடைச் சங்கிலி வால்மார்ட் அந்தக் கம்பெனியையே வாங்கி முடித்தது. சரி, அந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த அறிகுறி.

டிவியில் பார்த்ததற்கேற்ற விளம்பரம் போனில் வருகிறது

இது பலருக்குப் பிரமை மாதிரித் தோன்றும், சில சமயம் வெறும் தற்செயலாகவும் இருக்கும். ஆனால் இதற்கான இயந்திரம் டிவிக்குள் நிஜமாகவே இருக்கிறது. ஏசிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். திரையில் ஓடும் படத்திலிருந்தும் சத்தத்திலிருந்தும் டிவி துளித்துளியாக மாதிரி எடுத்து, அதைக் கைரேகை மாதிரி ஒரு சிறு குறியீடாக்கி அனுப்பும். அந்தப் பக்கம் இருக்கும் கிடங்கில் லட்சக்கணக்கான நிகழ்ச்சிகளின் கைரேகை இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்து "இந்த வீட்டில் இந்த நேரத்தில் இது ஓடியது" என்று தெரிந்துகொள்வார்கள். உங்கள் வீட்டு வைஃபையின் ஐபி முகவரி டிவிக்கும் போனுக்கும் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் ஒரே வீடு என்று கோப்பது கஷ்டமான காரியம் இல்லை.

முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். இது டிவியின் சொந்த ஆப்புகளோடு நிற்பதில்லை. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் பார்க்கும். "நான் ஸ்மார்ட் வசதியே பயன்படுத்துவதில்லை, எல்லாம் செட் டாப் பாக்ஸ் மாதிரி வெளிப் பெட்டியில்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். டிவிக்கு நெட் இருந்து ஏசிஆரும் ஆன் ஆகியிருந்தால் அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை. 2024-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், மாட்ரிட்டின் கார்லோஸ் மூன்றாமவர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளின் நெட் போக்குவரத்தை அளந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லேப்டாப்புக்கு வெறும் திரையாக டிவியை வைத்திருந்தபோதும் அது அனுப்பியது. எல்ஜி 10 மில்லி விநாடிக்கு ஒருமுறையும் சாம்சங் 500 மில்லி விநாடிக்கு ஒருமுறையும் மாதிரி எடுத்து, முன்னது ஏறக்குறைய 15 விநாடிக்கு ஒருமுறையும் பின்னது நிமிஷத்துக்கு ஒருமுறையும் கட்டாக அனுப்பின. அதே கட்டுரையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: செட்டிங்ஸில் விலகிக்கொண்டதும் அந்தப் போக்குவரத்து நின்றது. ஆகவே இந்த சுவிட்ச் வெறும் கண்துடைப்பு இல்லை, தேடி அணைப்பதில் பலன் இருக்கிறது.

எங்கே என்றால், சாம்சங்கில் ஜெனரல் அண்ட் பிரைவசிக்குள் டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி (பழைய மாடலில் சப்போர்ட்டுக்குள் இருக்கும்), அங்கே வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ். எல்ஜியில் லைவ் பிளஸ் என்ற ஒன்றும், யூசர் அக்ரிமென்ட்ஸ் பக்கத்தில் வியூயிங் இன்ஃபர்மேஷன் என்ற இன்னொன்றும், இரண்டையும் அணைக்க வேண்டும். ரோகு என்ற அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருள் ஓடும் ரோகு டிவியில் பிரைவசிக்குள் ஸ்மார்ட் டிவி எக்ஸ்பீரியன்ஸ், அங்கே டிவி இன்புட்களிலிருந்து தகவல் எடுப்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். விஸியோவில் வியூயிங் டேட்டா. சில சோனி டிவிகளில் சாம்பா இன்டராக்டிவ் டிவி என்று வேறொரு கம்பெனியின் பெயரிலேயே இருக்கும், பெயரைப் பார்த்து ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஃபயர் டிவியில் பிரைவசி செட்டிங்ஸில் டிவைஸ் யூசேஜ் டேட்டா, ஆப் யூசேஜ் டேட்டா இரண்டும். பல டிவிகளில் இன்டரஸ்ட் பேஸ்டு ஆட்ஸ் அல்லது ஆட் ட்ராக்கிங் என்று ஒன்று தனியாக இருக்கும், அதை அணைத்தாலும் விளம்பரம் வரும், உங்களைப் பார்த்து வராது, அவ்வளவுதான்.

பெயர்களைக் கவனித்தீர்களா? கண்காணிப்பு என்று எங்கேயும் எழுதியிருக்காது. விஸியோ இதற்கு வைத்திருந்த பழைய பெயர் ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி. 1.1 கோடி டிவிகளில் விநாடி விநாடியாகப் பார்த்ததைச் சேகரித்து விற்றதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டு, 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. 2025 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் சாம்சங், எல்ஜி, சோனி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்தின் மீதும் இதே விஷயத்துக்காக வழக்குத் தொடுத்தார். எட்டு வருஷம் கழித்தும் சண்டை அதே சுவிட்சுக்காகத்தான்.

சுவிட்சை அணைத்தபிறகும் அனுப்பிய கதையும் உண்டு. 2013-இல் பிரிட்டனில் ஒருவர் தன் எல்ஜி டிவியின் போக்குவரத்தைப் பார்த்து, அந்த வசதியை அணைத்த பின்பும் சேனல் பெயர்கள் போவதையும், பென் டிரைவில் இருந்த ஃபைல்களின் பெயர்கள்கூடப் போவதையும் கண்டுபிடித்தார். கம்பெனி ஒப்புக்கொண்டு அப்டேட் மூலம் சரிசெய்வதாகச் சொன்னது. அதனால்தான் நான் சுவிட்சோடு நிற்பதில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் கீழே நெட்டைத் துண்டிக்கும் பகுதிக்குப் போகலாம்.

பேசுவதைக் கேட்கிறதோ என்று சந்தேகம்

முதலில் மைக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரிமோட்டில் மட்டும் என்றால் அந்த மைக் பட்டனை அழுத்தும்போதுதான் அது கேட்கும் வகையைச் சேர்ந்தது, அதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். டிவியிலேயே மைக் இருந்து, தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்கும் வகை என்றால், அந்த விழிப்புச் சொல்லுக்காக அது எப்போதும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். பல மாடல்களில் டிவியின் அடியிலோ பக்கவாட்டிலோ சின்னதாக ஒரு நிஜ சுவிட்ச் இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். மெனுவில் அணைப்பதைவிட அது மேல், ஏனென்றால் அப்டேட் வந்து அதை நகர்த்த முடியாது. இல்லாவிட்டால் மெனுவில் வாய்ஸ் வேக்கப்பை அணைத்து, நிபந்தனைகள் பக்கத்தில் குரல் சேவைக்குக் கொடுத்த சம்மதத்தையும் திரும்பப் பெறுங்கள். 2015 பிப்ரவரியில் சாம்சங்கின் நிபந்தனைகளில் இருந்த ஒரு வரி உலகம் முழுக்கச் செய்தியானது: நீங்கள் பேசும் சொந்த விஷயமும் பதிவாகி மூன்றாம் தரப்புக்குப் போகலாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். பிறகு வாசகத்தை மாற்றினார்கள். அந்த வரியை யாரோ ஒருவர் படித்ததால்தான் வெளியே வந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் அதுவரை ஒரு நிபந்தனையையும் படித்ததில்லை.

கேமரா இருக்கும் டிவி என்றால் மூடியைச் சாத்துங்கள், மூடி இல்லாவிட்டால் கறுப்பு டேப். கேலியாகச் சொல்லவில்லை, 2019 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐயின் போர்ட்லண்ட் அலுவலகம் மக்களுக்குச் சொன்னதும் அதே டேப்தான். 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சிஐஏ ஆவணங்களில், டிவி அணைந்த மாதிரி நடித்துக்கொண்டே ஒலி பதிவு செய்யும் கருவி ஒன்றும் இருந்தது. அதை எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என் கணக்கில் உளவுத்துறை நம் ஹாலுக்கு வருவது ரொம்பத் தூரத்துக் கவலை, ஏசிஆர் இப்போதே சோபாவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

"ஏற்கிறேன்" அழுத்தாமல் நகர மறுக்கிறது

புதிய டிவியில் வரும் நிபந்தனைப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக் மேலே பெரிதாக இருக்கும். அதைத் தொடாமல் கீழே இறங்கிப் பாருங்கள். பயன்பாட்டு விதிமுறை ஒன்றுதான் பெரும்பாலும் கட்டாயம், பார்வைத் தகவல், குரல், விளம்பரம் ஆகியவை விருப்பத்துக்கு விட்டவை, காலியாக விட்டாலும் டிவி ஓடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டிவி திடீரென்று புதுச் சம்மதம் கேட்டு முட்டுக்கட்டை போடுவதும் நடக்கிறது. 2024 மார்ச்சில் ரோகு, தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் போக வேண்டும் என்ற விதியின் புதிய வடிவைத் திரையில் போட்டு, ஏற்றுக்கொண்டால்தான் மேலே போகலாம் என்று நிறுத்தியது. விலக விரும்பினால் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள் நடு ஹாலில் நின்றுகொண்டு கையெழுத்துக் கேட்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் நெட்டைத் துண்டித்துவிட்டு டிவியை ஆன் செய்து, எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு மாற முடிகிறதா என்று பாருங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது

அணைத்தவை ஆன் ஆகியிருக்கும், அல்லது அதே வேலையைச் செய்யும் புது வசதி வேறு பெயரில் வந்திருக்கும். ஆரம்பத்தில் போனில் எடுத்த படங்கள் இப்போது உதவும். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைத்துக்கொண்டு, உங்கள் மாடலுக்கு நிஜமாகவே தேவையான திருத்தம் வந்தால் மட்டும் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் போட்டு ஏற்றலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நெட்டில் இருக்கும் டிவிக்கு அப்டேட்டே போடாமல் வருஷக்கணக்கில் விடுவது நல்லதில்லை, ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அப்டேட் வேண்டாம் என்றால் நெட்டும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

எதுவும் கேட்கவில்லை, நெட்டையே பிடுங்கலாமா

பிடுங்கலாம், இதைவிட உறுதியான மருந்து இல்லை. டிவி மெனுவில் வைஃபை பெயரை ஃபர்கெட் செய்யுங்கள், லேன் கேபிளை உருவுங்கள், அதோடு ரூட்டரில் டிவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் அடையாள எண்) தடை செய்யுங்கள், ஏனென்றால் வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டார்களா என்று ரூட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவி கள்ளத்தனமாக நெட் எடுக்குமா என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. எச்டிஎம்ஐ 1.4-இல் ஈதர்நெட் சேனல் என்று ஒன்று எழுதி வைத்தது உண்மை, நடைமுறையில் அதைப் பயன்படுத்தும் கருவிகள் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

நெட் போனபிறகு டிவியின் ஆப்புகள் ஓடாது, ஆகவே வெளிப் பெட்டி ஒன்று வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிவியைக் கட்டிப்போட்டுவிட்டு, விளம்பர வியாபாரமே தொழிலாக இருக்கும் கம்பெனியின் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை அதில் செருகினால், கண்காணிப்பு ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். பெட்டியிலும் மேலே சொன்ன சுவிட்சுகளைத் தேடி அணையுங்கள். பழைய லேப்டாப்பையோ சின்னக் கணினியையோ இணைத்து பிரவுசரில் பார்ப்பது கொஞ்சம் சிரமம், ஆனால் பிடி உங்கள் கையில் இருக்கும். லாபம் என்னவென்றால், பெட்டி மெதுவானால் பெட்டியை மட்டும் மாற்றலாம், பேனல் அப்படியே இருக்கும். டிவிக்குள் இருக்கும் ஆப்புகள் சில வருஷத்தில் கிழடாகிவிடுகின்றன, பேனல் அதைவிட ரொம்ப நாள் உழைக்கிறது.

டிவி ஆப்புகள் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று: ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) உருவாக்கி டிவியை அங்கே மட்டும் விடுங்கள், உங்கள் கணினி, சேமிப்புக் கருவி எதையும் அதனால் பார்க்க முடியாது. இன்னும் ஒரு படி போக விரும்பினால் பை-ஹோல் மாதிரி ஒரு டிஎன்எஸ் வடிகட்டியை (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) வைத்து, டிவி எந்த முகவரிகளைக் கேட்கிறது என்று பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தடுக்கலாம். பெயரில் ஏசிஆர், ஆட்ஸ், லாக் என்று வருபவை முதல் குறி. இரண்டு எச்சரிக்கை. சில டிவிகள் நீங்கள் கொடுத்த டிஎன்எஸ்ஸை மதிக்காமல் கூகுளின் 8.8.8.8-ஐ நேராகக் கேட்கும், அப்போது ரூட்டரில், டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழியான 53-ஆம் போர்ட்டை உங்கள் வடிகட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். அதிகமாகத் தடுத்தால் ஆப் திறக்காமல் அடம்பிடிக்கும், அப்போது கடைசியாகத் தடுத்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு வாருங்கள்.

டிவி கை மாறுகிறது

விற்கும்போதோ கொடுக்கும்போதோ, ஆப் ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறிவிட்டு அப்புறம் ஃபேக்டரி ரீசெட். டிவி உடைந்து திரையே வராத நிலை என்றால் போனிலிருந்தோ கணினியிலிருந்தோ அந்தந்தக் கணக்கின் கருவிகள் பட்டியலுக்குள் போய் அந்த டிவியை நீக்குங்கள். பழைய டிவி வாங்கியவர்களும் முதல் வேலையாக ரீசெட் போடுங்கள். நான் ஒருமுறை வாங்கி வந்த பழைய டிவியில் முன்பு வைத்திருந்தவரின் கணக்கு அப்படியே திறந்து கிடந்தது, அவர் எந்த எபிசோடில் பாதியில் தூங்கிப்போனார் என்பது வரை தெரிந்தது.